இருபத்துநான்கு படச் சுருள்

என்னிடம் ஒரு வண்ணப் படம் இருக்கிறது. நடுவில் சதுரமாக ஓட்டை விழுந்த படம். ஓட்டை தானாக விழவில்லை. அம்மா கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தது. ஓட்டையின் இரு புறமும் பிள்ளைகள் வரிசையாகச் சப்பாணி கட்டி இருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஒரு அலுமினியத் தட்டு, தட்டில் சோறு, சோற்றின் மேல் பருப்பு, ஓரத்தில் பூசணிக்காய்க் கறி. யாரும் சாப்பிடவில்லை, எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். முன்வரிசையில் இடப்பக்க ஓரத்தில் இருக்கும் ஐந்து வயதுப் பெண் மட்டும் யாரையும் பார்க்காமல் வலக்கையைச் சோற்றுக்குள் வைத்திருக்கிறாள். ஓட்டை இருக்கும் இடத்தில் முன்பு ஒரு கரும்பலகை இருந்தது. அதில் வெண்கட்டியால் என் அப்பாவின் பெயர் எழுதியிருந்தது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுவதென்றால் செயலாளர் அண்ணையைப் பற்றி எழுத வேண்டும். அவரைப் பற்றி எழுதுவதை இத்தனை வருடம் தள்ளிப் போட்டு வந்ததற்குக் காரணம் அவர் அல்ல, நான்.

எங்கள் ஊர்ச் சங்கம் என்றதும் யாரும் கட்டடத்தையும் பெயர்ப்பலகையையும் நினைத்துவிடக் கூடாது. லண்டனில் அந்த நாளில் எங்கள் ஊர்க்காரர் ஒரு நாற்பது குடும்பம் இருந்திருப்போம். டூட்டிங்கில் கொஞ்சம், கிங்ஸ்பரியில் கொஞ்சம், செவன் கிங்ஸில் கொஞ்சம். சங்கம் என்பது செயலாளர் அண்ணையின் தோள்பைக்குள் இருந்த இரண்டு கணக்குக் கொப்பிகளும் ஒரு ரப்பர் முத்திரையும்தான். தலைவர் என்று ஒருவர் இருந்தார். பொங்கலுக்குக் கோட் போட்டுக்கொண்டு வந்து பேசுவார். வேலை முழுவதும் செயலாளர் அண்ணையின் தலையில். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு, அதே சீருடையோடு பஸ் ஏறி வீடு வீடாகப் போவார். எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். பைக்குள் ஒரு பிளாஸ்க் இருக்கும். அம்மா தேத்தண்ணி போட எழும்பினால், “இருங்கோ அக்கா, என்னட்டை எனக்கெண்டு இருக்கு” என்று தன் பிளாஸ்க்கைத் திறப்பார். சங்கத்துக் காசில் தேத்தண்ணி குடித்தான் என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாதாம். அம்மாவுக்கு இது பெரிய அவமானம். வந்த மனிசன் கை நனைக்காமல் போகிறானே என்று அவர் போன பிறகு முணுமுணுப்பார். எனக்கோ அவரைப் பார்க்கச் சிரிப்பு வரும். நேர்மையை இப்படிக் கையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டுமா என்று நினைப்பேன்.

எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு காலை குண்டு விழுந்தது. ஊரில் பாதி வீடு அன்று இழவு வீடானது. அப்பா பூசணிக்காய் வாங்கப் போனவர். நான் அதற்கு இரண்டு வருடம் முன்பே லண்டனுக்கு வந்துவிட்டேன். செய்தி எனக்கு மூன்று கிழமை கழித்து, ஒரு கடிதத்தின் நாலாவது பக்கத்தில் வந்தது. முதல் மூன்று பக்கமும் அம்மா என் உடம்பு சுகத்தையும் இங்கத்தைய குளிரையும் விசாரித்திருந்தார். எழுதக் கை வரவில்லை என்று பிறகு சொன்னார். ஷெல் அடி ஓயாததால் அப்பாவை அன்று பின்னேரமே எரித்துவிட்டார்கள். கொள்ளி வைக்க மகன் இல்லை. ஒற்றைப் பிள்ளை நான் ஒருத்தி, நானும் அங்கே இல்லை. அம்மாவை அடுத்த வருடம் என்னிடம் கூப்பிட்டுக்கொண்டேன். வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கவலைதான்: அந்த மனிசனுக்குச் செய்ய வேண்டிய ஒன்றும் ஒழுங்காகச் செய்யவில்லை.

அப்போதுதான் செயலாளர் அண்ணை அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். வன்னியில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருந்தது. செத்தவரின் திதியில் அங்கே ஒரு நாள் மதியச் சாப்பாட்டை நாங்கள் பொறுப்பெடுக்கலாம். வீட்டில் ஐயரைக் கூப்பிட்டு, பத்துப் பேருக்குச் சமைத்துப் போடுவதை விட அது புண்ணியம் அல்லவா? எல்லோரும் ஓம் என்றார்கள். அம்மா டூட்டிங் வீட்டுக் குசினியில் விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைக்குப் போடுவார். அந்தக் காசில் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி, ஆவணி வருமுன் முப்பது பவுணைக் கடித உறைக்குள் வைத்து, உறையின் மேல் மஞ்சள் பூசிக் கொடுப்பார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது எங்கள் ஊர்க்காரருக்கு மட்டுமே வரக்கூடிய சிக்கல், அண்ணையைத் தவிர எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எல்லோரும் ஒரே நாளில் செத்தவர்கள். ஆகவே எல்லோருக்கும் ஒரே திதி. ஆவணித் தேய்பிறை நவமிக்கு இருபத்துநான்கு குடும்பம் சாப்பாடு கொடுத்தது. பிள்ளைகள் அறுபது பேர், அவர்களுக்கு வயிறு ஒவ்வொன்று. திதியை விட்டு வேறு நாளுக்கு மாற்றுங்கள் என்று செயலாளர் அண்ணை இரண்டொரு வீட்டில் மெல்லச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அம்மாவிடமும் சொன்னார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உறைகளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

முதல் இரண்டு வருடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் வருடம் சனத்துக்குச் சந்தேகம் வந்தது. சாப்பாடு உண்மையில் கொடுக்கிறார்களா, காசு வேறெங்கும் போகிறதா, யார் கண்டது? கோயிலிலும் கலியாண வீட்டிலும் இதே கதை. தொண்ணூற்றொன்றில் ஒரு கூட்டத்தில், பலகையில் பெயர் எழுதி, சாப்பாட்டோடு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அங்கே பற்றரிக்கே வழியில்லை, பிலிமுக்கு எங்கே போவது என்று செயலாளர் அண்ணை சொல்லிப் பார்த்தார். கடைசியில் கொழும்புக்குப் போன ஒருவரிடம் ஒரு சின்னக் கமராவும் இருபத்துநான்கு படம் எடுக்கும் ஒரு சுருளும் கொடுத்துவிட்டார். கைகளை உயர்த்தி அந்தத் தீர்மானத்துக்கு ஓம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

நான் அப்போது டூட்டிங்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை. மருந்துப் பக்கம் அல்ல, பின்னால் படம் கழுவும் இயந்திரத்தில். சுருளைக் கொடுத்தால் ஒரு மணித்தியாலத்தில் படம். ஊர் பேர் தெரியாத சனத்தின் பிறந்தநாளும் விடுமுறையும் நாய்க்குட்டியும் நாள் முழுக்க என் கண்ணுக்கு முன்னால் ஓடும். கார்த்திகையில் ஒரு மத்தியானம் செயலாளர் அண்ணை கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த சுருளைக் கொண்டுவந்தார். பின்னேரம் வருவதாகச் சொன்னார்; ஒவ்வொரு படத்தையும் தனித்தனி உறையில் போட்டுத் தரச் சொன்னார். நான் இயந்திரத்தை இருபத்துநான்குக்கு வைத்துவிட்டு அப்பாவின் பெயருக்காகக் காத்திருந்தேன்.

முதல் படம் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. நாலாவது விழும்போது எனக்கு ஏதோ பிடிபட்டது. பலகையில் பெயர் மட்டும் மாறியது. பிள்ளைகள் அதே இடத்தில், அதே சட்டையில், அதே தட்டுகளோடு. முன்வரிசையில் ஒரு குவளை சரிந்து தண்ணீர் சீமெந்துத் தரையில் ஓடியிருந்தது. முதல் படத்தில் அந்த ஈரம் ஒரு பாய் அளவு. பத்தாவது படத்தில் ஒரு தலையணை அளவு. கடைசிப் படத்தில் உள்ளங்கை அளவு. படம் கழுவுகிறவளுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது. அந்த ஈரம் காயக் காயப் பிள்ளைகள் சோற்றுக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள், இருபத்துநான்கு பெயரும் எழுதி அழித்து எழுதி முடியும்வரை.

அப்பாவின் பெயர் பதினேழாவது. அதில்தான் அந்தச் சின்னப் பெண் சோற்றில் கை வைத்தது. பதினெட்டாவதில் கை வெளியே வந்துவிட்டது. சோற்றில் அவள் விரல் பதிந்த குழி மட்டும் இருந்தது. கை மடியில் இருந்தது. யாரோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் இயந்திரத்தின் மறைவில் நின்று அழுதேன். சோகத்தில் அழுதேன் என்று சொல்ல மாட்டேன். ஆத்திரம். என் அப்பா வரிசையில் பதினேழாவது ஆள். அவருக்கென்று அங்கே ஒரு பானை வைக்கவில்லை, ஒரு பிடி அரிசி போடவில்லை, ஒரு பலகையைத் துடைத்து எழுதியதோடு சரி. அம்மா விடிய விடிய அவித்த இடியப்பம் எங்கே?

பின்னேரம் அவர் வந்தபோது உறைகளை மேசைமேல் வைத்தேன். என் முகத்தைப் பார்த்தார்.

“பாத்தனீங்களோ, தங்கச்சி?”

“ஓம்.”

“பிறகு ஒருநாள் ஆறுதலாச் சொல்லுறன்.”

எனக்குப் பின்னால் முதலாளி நின்றார், அண்ணைக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். நெகட்டிவை என்னிடமே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒருநாள் வரவேயில்லை. அவர் மறந்தாரா, கூச்சப்பட்டாரா, என்னை விளக்கம் சொல்ல வேண்டிய ஆளாக நினைக்கவில்லையா தெரியாது. நான் காத்திருந்தேன், காத்திருக்கக் காத்திருக்க ஆத்திரம் கூடியது.

மறுநாள் நெகட்டிவை நான்கு நான்காக வெட்டி உறையில் போட வெளிச்சப் பெட்டியில் வைத்தேன். இருபத்துநான்கு படச் சுருள் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், கவனமாகச் சுற்றினால் நுனியில் இன்னும் ஒன்றிரண்டு படம் கிடைக்கும். எங்கள் தொழிலில் இது தெரிந்த விஷயம். இந்தச் சுருளிலும் இரண்டு இருந்தன. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். இருபத்தைந்தாவது ஒரு களஞ்சிய அறை. தரையிலிருந்து கூரை வரை அரிசி மூட்டை. இருபத்தாறாவது அதே மண்டபம், பின்னாலிருந்து எடுத்தது. பலகை இல்லை. ஒரு பிள்ளையும் கமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து சாப்பிடுகிறார்கள். ஓரத்தில் அந்தச் சின்னப் பெண்ணின் முதுகு, தலை ஏறக்குறைய தட்டுக்குள்.

பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருபத்துமூன்று நாள் சோறு மூட்டையாகக் களஞ்சியத்தில் இருந்தது. ஆனால் விளங்குவது வேறு, மனம் ஆறுவது வேறு. இரண்டையும் பிறகு கழுவலாம் என்று உறைக்குள் போட்டு, உறையை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை அவர் சுவாமிப் படங்களுக்கு நடுவில் வைத்துத் திருநீறு பூசினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பார்ப்பார். கடைசியில் அந்த ஓரத்துக்கு வந்து நிற்பார்.

“அந்தச் சின்னனைப் பார் பிள்ளை. பசி பொறுக்கேலாமல் கையை வைச்சிட்டுது. அப்பாவின்ரை சோறு எண்டு அதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

இதை அவர் ஒரு தரமல்ல, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொன்னார். பதினெட்டாவது படத்தைப் பார்த்த நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். யாரோ ஒரு வீட்டில் அந்தப் பதினெட்டாவது படமும் இப்படித்தான் திருநீறு பூசி இருக்கும் என்று நினைப்பு வரும்.

மாசி மாதம் செவன் கிங்ஸிலிருந்து ஒரு மாமா முந்நூறு இடியப்பம் எடுக்க வந்தார். பேரப்பிள்ளையின் பிறந்தநாளாம். அவருடைய மச்சானும் அதே சந்தையில் போனவர்தான். அம்மா வழக்கம்போலப் படத்தைக் காட்டினார். அவர் கிட்டப் போய்ப் பார்த்தார், எட்ட நின்று பார்த்தார், இடியப்பத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு தன் வீட்டுப் படத்தோடு திரும்பி வந்து, எங்கள் குசினி மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சரிந்த குவளையைத் தொட்டுக் காட்டினார். ஒரே நாள், ஒரே பிள்ளைகள், அப்படித்தானே இருக்கும் என்று அம்மா முதலில் வாதாடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு வாதாடவில்லை.

கிங்ஸ்பரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வழக்கமாகப் பதினைந்து பேர் வரும் கூட்டத்துக்கு அன்று இருக்கக் கதிரை போதவில்லை. எல்லோருடைய கையிலும் படம். ஆளுக்காள் ஒப்பிட்டுப் பார்த்து, ஈரத்தை வைத்து எது முதல் எது பிறகு என்று அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் அண்ணை முன்னால் தனியாக நின்றார். பிளாஸ்க் மேசையில் இருந்தது. அவர் மறைக்கவில்லை. ஒரே சாப்பாடுதான் சமைத்தார்கள் என்றார்.

“ஒரு நாளிலை இருபத்திநாலு சாப்பாட்டை அதுகள் எப்பிடிச் சாப்பிடும்? மிச்ச நாளும் அதுகளுக்குப் பசிக்கும்தானே. மிச்சக் காசுக்கு அரிசி எடுத்து வைச்சிருக்கு. உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும். சொன்னா அரைவாசிப் பேர் நிப்பாட்டிப் போடுவியள் எண்டு பயந்தனான். அது என்ரை பிழை.”

“அப்ப என்ரை மச்சானுக்கெண்டு நான் தந்த சோறு எங்கை?” என்று செவன் கிங்ஸ் மாமா கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

அரிசி வாங்கியதற்கு ரசீதுத் துண்டு எங்கே என்றார்கள். சண்டை நடக்கும் இடத்தில் வண்டிக்காரன் துண்டு தருவானா என்றார். இல்லப் பொறுப்பாளரின் கடிதம் ஒன்றை வாசித்தார். கடிதம் யாரும் எழுதலாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்போது அந்தக் கடிதத்தின் கடைசி வரிகளைத் திரும்ப வாசித்தார்: சுருளில் மிஞ்சியதில் களஞ்சியத்தையும் பிள்ளைகள் சாப்பிடுவதையும் எடுத்திருக்கிறேன். வாசித்துவிட்டு என்னைத் தேடினார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில், நாலாவது வரிசையில் இருந்தேன்.

“கடைசிப் படங்கள் ரெண்டும் வந்ததோ, தங்கச்சி?”

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மாவும் பார்த்தார். நான் எழும்பினேன். அப்போது என் மனதில் என்ன இருந்தது என்பதை இத்தனை வருடத்தில் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். வந்தது என்றால் இவ்வளவு நாளும் ஏன் மறைத்தாய் என்று அம்மா கேட்பாரே என்று யோசித்ததாகவும் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் கொஞ்சம் உண்மை. பெரிய உண்மை வேறு. மடியில் கிடந்த அந்தக் கை எனக்கு முன்னால் நின்றது. அப்பாவின் பெயரைத் துடைத்த ஈரத் துணி நின்றது. “பிறகு ஒருநாள்” என்று போன இந்த மனிதர் ஒரு முறை, ஒரே ஒரு முறை, துண்டில்லாமல் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

“அது இருபத்திநாலு படச் சுருள், அண்ணை” என்றேன்.

எனக்குத் தெரிந்த தொழில் அவருக்குத் தெரியாது, நம்பிவிட்டார். படம் விழவில்லையாக்கும் என்று நினைத்திருப்பார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கொப்பிகளையும் முத்திரையையும் எடுத்துத் தலைவருக்கு முன்னால் வைத்துவிட்டு, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து போனார். மழைக்குள் அவர் பஸ்ஸுக்கு நின்றதைக் காரில் திரும்பும்போது கண்டோம். காரை ஓட்டியவர் நிறுத்தவில்லை. நிறுத்துங்கோ என்று நானும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக் கூடக் கழற்றாமல் அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பலகையை மட்டும் சதுரமாக வெட்டினார்.

“அப்பாவின்ரை பேர் அதிலை இருக்க வேண்டாம்.”

வெட்டிய துண்டைக் காமாட்சி விளக்குக்கு முன்னால் வைத்தார். மிச்சப் படத்தை எறியவும் மனம் வரவில்லை, வைக்கவும் மனம் வரவில்லை. என் கையில் தந்துவிட்டார். சங்கம் பெயருக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. தலைவர் பொங்கலுக்குப் பேசினார். ஆனால் வன்னிக்கு ஒருவரும் காசு கொடுக்கவில்லை. கேட்டால், “நடந்தது தெரியும்தானே” என்பார்கள். அது ஒரு நல்ல வசதியாகப் போய்விட்டது. முன்பு கொடுக்காதவர்கள்கூட, ஏமாற்றுகிறார்கள், அதனால்தான் கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த இல்லம் அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் எங்கே போனது, அந்த மூட்டைகள் எத்தனை மாதத்துக்குப் போதுமாயிருந்தன, அதற்குப் பிறகு யார் கொடுத்தார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

அம்மா அதற்குப் பிறகு ஒவ்வொரு நவமிக்கும் வீட்டிலேயே சமைத்து, பின்வளவில் ஒரு பிடி வைப்பார். டூட்டிங்கில் காகம் வருவது குறைவு; புறாதான் வரும். ஒரு வருடம், அப்படி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நின்றவர், என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்தச் சின்னன் பிறகாவது சாப்பிட்டுதோ தெரியேல்லை.”

பதில் என் அறை லாச்சிக்குள், ஒரு உறைக்குள் இருந்தது. பத்து அடி நடந்தால் போதும். நெகட்டிவை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருக்கலாம். அதைக் காட்டினால் மண்டபத்தில் நான் எழும்பிச் சொன்னதையும் காட்ட வேண்டும். “சாப்பிட்டிருக்கும், அம்மா” என்றேன். சந்தேகத்தோடு சொல்கிறவள் மாதிரியே சொன்னேன். அவர் துவாயை எடுத்துக் கை துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தொண்ணூற்றாறு தையில் அம்மா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், கடை மூடும் நேரத்தில், அந்த இரண்டு படங்களையும் கழுவினேன். எடுத்துக்கொண்டு செயலாளர் அண்ணையின் பெற்றோல் நிலையத்துக்குப் போனேன். அதே கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தார். தலை நரைத்திருந்தது. அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், வர யோசித்து வராமல் விட்டதாகவும் சொன்னார். நான் கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியால் படங்களைத் தள்ளினேன். பெற்றோலுக்குக் காசு தள்ளுகிற வழி அது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். மூட்டைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிள்ளைகள் சாப்பிடும் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப வந்திருக்கு” என்றார்.

அவ்வளவுதான். எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்று பம்ப் இலக்கம் சொன்னார். அண்ணை காசை வாங்கி மிச்சம் கொடுத்தார். பிறகு இரண்டு படங்களையும் அடுக்கி அதே இடைவெளியால் என் பக்கம் தள்ளினார். “இதை நீங்களே வைச்சிருங்கோ.” குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கேட்பதற்கு ஒரு இடம் கிடைத்திருக்கும். ஏன் என்று அவர் கேட்கவுமில்லை. நான் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அதன் பிறகு அவரை நான் சந்திக்கவில்லை.

இப்போது கையில் தொலைபேசி இருக்கிற எல்லோரிடமும் கமரா இருக்கிறது. காசு அனுப்பிய அன்றே சாப்பாட்டின் படம் வந்துவிடும். பலகைக்குப் பதில் அச்சடித்த பதாகை, லண்டனில் வசிக்கும் இன்னார் என்று கொட்டை எழுத்தில் பெயர். பதாகைக்குப் பின்னால் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். தருமத்துக்குக் கொடுக்கும் காசு போய்ச் சேருமா, நம்பலாமா என்று இளம் ஆட்கள் என்னிடம் கேட்பதுண்டு. வயதானவள், அனுபவம் இருக்கும் என்று நினைத்துக் கேட்கிறார்கள். நம்புங்கோ என்று சொல்ல வாய் வருவதில்லை, நம்பாதேங்கோ என்றும் சொல்ல முடிவதில்லை. கணக்கைக் கேளுங்கோ, துண்டைக் கேளுங்கோ, அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு என்கிறேன். அண்ணை எங்களிடம் சொல்லாமல் செய்தது பிழைதான், அதை இன்றைக்கும் பிழை என்றுதான் சொல்வேன். ஆனால் இந்த இளம் ஆட்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. உண்மை எங்கள் கைக்கு வந்தால் அதை முழுதாகக் காட்டுவோம் என்று எங்களை யார் நம்புவது?

போன ஆவணியில் அப்பாவின் திதிக்கு ஒரு இல்லத்துக்குப் பணம் அனுப்பினேன். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், சோறு போட்டவுடன் பிள்ளைகளைச் சாப்பிட விடுங்கள் என்று எழுதினேன். எழுதும்போது என்னைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நவமி வந்து போனது. படம் வரவில்லை. அடுத்த நாளும் தொலைபேசியைத் திறந்து திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் நானே எடுத்துக் கேட்டேன், சாப்பாடு கொடுத்தீர்களா என்று. மறுபக்கம் ஒரு இளம் பெண்ணின் குரல்.

“குடுத்தனாங்கள், அக்கா. படம் வேண்டாமெண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள்.”

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகும் என் மனம், ஒரே ஒரு படம் எடுத்திருக்கலாமே என்றுதான் சொன்னது. வெட்கமாக இருந்தது.

லாச்சியிலிருந்து ஓட்டைப் படத்தை எடுத்தேன். வண்ணம் மங்கி, பிள்ளைகளின் சட்டையெல்லாம் ஒரே செம்மஞ்சளாகிவிட்டது. அந்தப் பெண்ணின் கை இன்னும் சோற்றுக்குள் இருந்தது. அதோடு வைத்திருந்த இருபத்தாறாவது படத்தையும் எடுத்து, என்ன நினைத்தேனோ, ஓட்டைப் படத்துக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தியதும், அப்பாவின் பெயர் இருந்த சதுரத்துக்குள் அந்தச் சின்னவளின் முதுகு வந்தது. தலை தட்டுக்குள் குனிந்திருந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டபோது இதைக் காட்டியிருக்க வேண்டும்.